பல்செட்டில் கிருமி தங்காமலிருக்க: கொல்லும் பொருளா, ஒட்டவிடாத பொருளா?

பல்செட் செய்யும் பொருளிலேயே கிருமியைக் கொல்லும் எதையாவது கலந்துவிட்டால் என்ன? வெள்ளி நானோ துகள், டைட்டானியம் டைஆக்சைடு, துத்தநாக ஆக்சைடு, அப்புறம் வாயில் நுழையாத பெயர் கொண்ட சில வேதிப்பொருட்கள் என்று இதற்காகச் சோதிக்கப்பட்டவை ஏராளம். புதிதாகப் பல்செட் கட்டப்போகிறவர் முன்பும், அதைச் செய்து கொடுக்கும் டெக்னீஷியன் முன்பும் "ஆன்டிபாக்டீரியல்" என்று பெயர் போட்ட ரெசின், அதாவது பல்செட் செய்யும் பிளாஸ்டிக் சரக்கு, ஒன்று வரத்தான் போகிறது. வாங்குவதா, வேண்டாமா? என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நிரந்தரமாகப் போட்டுக்கொள்ளும் பல்செட்டுக்கு, கொல்லும் பொருளைவிட ஒட்டவிடாத பொருளே மேல்.

பல்செட் என்றதும் நம் கண் பற்களுக்குப் போகிறது. கிருமிகளுக்குப் பிடித்த இடம் அதுவல்ல, ஈறின் மேல் உட்காரும் இளஞ்சிவப்பு அடித்தளம். பெரும்பாலும் அது பாலிமெத்தில் மெத்தாக்ரிலேட், அதாவது நாம் அக்ரிலிக் என்று சொல்லும் பிளாஸ்டிக். 1930களின் பிற்பகுதியில் வல்கனைட் ரப்பரைத் துரத்திவிட்டு வந்தது, இன்னும் இடத்தை விடவில்லை. ஈறின் நிறம் அப்படியே வரும், உடைந்தால் ஒட்டலாம், தேய்த்துச் சரிசெய்யலாம், விலையும் குறைவு. குறை என்னவென்றால், தண்ணீரை உறிஞ்சும், எளிதில் கீறல் விழும், சரியாக வேகவைக்காவிட்டால் உள்ளே நுண்துளைகள் தங்கிவிடும்.

வெளிப்பக்கத்தைக் கண்ணாடிபோல பாலிஷ் போடலாம். ஈறில் படியும் உட்பக்கத்தைப் போட முடியாது, போட்டால் அளவு கெட்டு பல்செட் ஆட ஆரம்பித்துவிடும். ஆகவே மிகச் சொரசொரப்பான பக்கம்தான் நாள் முழுக்க ஈறோடு ஒட்டியிருக்கிறது. அங்கே உமிழ்நீர் ஓடுவதில்லை, நாக்கு தொடுவதில்லை. முதலில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் போன்ற பாக்டீரியாக்கள் குடியேறுகின்றன. கேண்டிடா ஆல்பிகன்ஸ் என்ற பூஞ்சை நேராகவும் ஒட்டும், அந்த பாக்டீரியாக்களைப் பிடித்துக்கொண்டும் ஒட்டும். பிறகு இழையிழையாக நீண்டு துளைகளுக்குள் புகுந்துகொள்ளும். பல்செட்டுக்கு அடியில் அண்ணம் சிவந்து போகிற அழற்சியில் இந்தப் பூஞ்சைக்குப் பெரிய பங்கு உண்டு. 1962இல் நியூட்டன் அதை மூன்று வகையாகப் பிரித்தார், அந்த வகைப்பாடு இன்றும் புழக்கத்தில் இருக்கிறது.

விஷயம் வாயோடு முடிவதும் இல்லை. ஜப்பானில் 85 வயதைத் தாண்டிய 524 பேரைப் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று 2015இல் வெளியானது. பல்செட்டைக் கழற்றாமல் தூங்கியவர்களுக்கு நிமோனியா வரும் அபாயம், கழற்றிவிட்டுத் தூங்கியவர்களோடு ஒப்பிட்டால் இரண்டு மடங்குக்கும் மேல் இருந்தது.

எந்தப் பொருளை யார் பரிந்துரைத்தாலும் நான் மூன்று கேள்விகளை வைத்துத்தான் பார்ப்பேன். வாய்க்குள் போன சில நிமிடங்களிலேயே உமிழ்நீரின் புரதங்கள் பல்செட்டின் மேல் மெல்லிய படலமாகப் படிந்துவிடுகின்றன. அதற்குப் பிறகும் அந்தப் பொருள் வேலை செய்கிறதா? ஒரு வருடம் தினமும் பிரஷ் போட்ட பிறகு அதில் என்ன மிஞ்சும்? அடித்தளத்தின் பலம் குறைகிறதா? கடைசிக் கேள்வி அலட்சியப்படுத்தக் கூடியதல்ல. வெப்பத்தில் கெட்டியாகும் அடித்தள ரெசினுக்கு ஐஎஸ்ஓ 20795-1 தரநிலை கேட்கும் வளைவு வலிமை, அதாவது வளைத்தால் உடையாமல் தாங்கும் பலம், குறைந்தது 65 மெகாபாஸ்கல். கிருமி ஒட்டாத பல்செட் ஆறு மாதத்தில் நடுவில் விரிசல் விட்டால் யாருக்குப் பயன்? விரிசலுக்குள்ளும் கிருமிதான் போய் உட்காரும்.

வெள்ளி: பேர் பெரிது

கொல்லும் பொருட்களில் அதிகம் பேசப்படுவது வெள்ளி. நானோ துகளிலிருந்து வெள்ளி அயனி மெல்ல வெளியே வருகிறது, கிருமியின் புரதங்களில் உள்ள கந்தகப் பகுதிகளைப் பிடித்து அவற்றை முடக்குகிறது. பாக்டீரியா, பூஞ்சை இரண்டையும் தாக்கும். ஆய்வுக்கூடத் தட்டில் பார்த்தால் அருமையான முடிவுதான்.

வாய்க்குள் கதை மாறுகிறது. உமிழ்நீரில் குளோரைடு இருக்கிறது, வெள்ளி அயனி அதோடு சேர்ந்து கரையாத வெள்ளி குளோரைடாகப் போய்விடும். புரதங்களும் ஆளுக்குக் கொஞ்சம் அயனியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கலந்த வெள்ளியில் பெரும்பங்கு அக்ரிலிக்கின் உள்ளே புதைந்து கிடக்கிறது, மேற்பரப்பில் இருக்கும் சிறு பங்குதான் வெளியே வர முடியும். முதல் சில நாட்களில் நிறைய வெளியேறி, பிறகு வேகமாகக் குறையும். பல்செட்டையோ ஐந்து, ஏழு வருடம் போட்டுக்கொள்கிறோம்.

அளவைக் கூட்டினால் வேறு தொல்லை. நானோ துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகும், அந்தக் கட்டி ஒவ்வொன்றும் விரிசல் தொடங்கும் புள்ளி. நிறமும் மஞ்சளாகி, பழுப்பாகி விடும். ஈறின் நிறத்துக்காகத்தான் அக்ரிலிக்கையே வைத்திருக்கிறோம் என்பதை மறந்துவிடக் கூடாது. மெதுவாகக் குறைந்துகொண்டே போகும் அளவில் வெள்ளியை வருடக்கணக்கில் வாயில் வைத்திருப்பது, அதைத் தாங்கும் கிருமிகளைப் பொறுக்கி எடுத்து வளர்ப்பதாகவும் முடியலாம். வெள்ளிக்கு அடங்காத சால்மொனெல்லா பற்றி 1975லேயே ஒரு மருத்துவமனையின் தீக்காயப் பிரிவிலிருந்து தகவல் வந்துவிட்டது. நிரந்தர அடித்தளத்துக்கு வெள்ளி வேண்டாம் என்பது என் முடிவு.

டைட்டானியம் டைஆக்சைடை இதைவிட வேகமாகத் தள்ளிவிடலாம். அது கிருமியைக் கொல்வது ஒளி பட்டால்தான், அதிலும் கிட்டத்தட்ட 390 நானோமீட்டருக்குக் கீழே உள்ள புற ஊதா ஒளி. வாய்க்குள், அதுவும் பல்செட்டின் உட்பக்கத்தில், வெளிச்சம் எங்கிருந்து வரும்? இரவில் கழற்றி புற ஊதா விளக்குப் பெட்டியில் வைக்கிறவர்களுக்கு ஓரளவு பொருந்தலாம். அந்த விளக்கு தானே கிருமியைக் கொல்லுமே என்று நீங்கள் கேட்டால், சரியான கேள்விதான். துத்தநாக ஆக்சைடுக்கு வெளிச்சம் கட்டாயமில்லை, ஆனால் வீரியம் வெள்ளியைவிடக் குறைவு, தளமும் வெளுத்துப்போகும். கைட்டோசான், தைமால் போன்ற இயற்கைச் சரக்குகளை அக்ரிலிக்கில் கலந்து பார்த்தவர்களும் உண்டு. பெயர் கேட்க நன்றாக இருக்கிறது, வருடக்கணக்கில் நிற்கும் என்று நம்ப எனக்குக் காரணம் கிடைக்கவில்லை.

வெளியே கசியாத கொல்லி

கசிந்து தீர்ந்துபோவதுதான் குறை என்றால், கொல்லும் மூலக்கூறை பிளாஸ்டிக்கின் சங்கிலியிலேயே கட்டிப்போட்டால் என்ன? நேர்மின்னூட்டம் கொண்ட கிருமிக்கொல்லிகளான நான்கிணைய அம்மோனியம் சேர்மங்களை வைத்துச் செய்யப்படுவது இதுதான். ஜப்பானின் ஒசாகா பல்கலைக்கழகத்தில் சதோஷி இமஸாட்டோ குழுவினர் 1990களில் எம்டிபிபி என்ற மோனோமரை, அதாவது பிளாஸ்டிக் சங்கிலியின் ஒரு கண்ணியாகச் சேரும் சிறு மூலக்கூறை, உருவாக்கினார்கள். அதன் ஒரு முனை மெத்தாக்ரிலேட், ரெசின் கெட்டியாகும்போது சங்கிலியோடு பிணைந்துவிடும். மறுமுனையில் நேர்மின்னூட்டம். பாக்டீரியாவின் மேற்பரப்பு எதிர்மின்னூட்டம் கொண்டது, ஆகவே கிட்டே வந்ததும் இழுக்கப்பட்டு அதன் சவ்வு குலைகிறது. எம்டிபிபி பல் அடைக்கும்போது பயன்படும் ஒட்டுப்பொருள் ஒன்றில் சந்தைக்கும் வந்தது. இதே குடும்பத்தில் கார்பன் சங்கிலியை 16 வரை நீட்டினால் கொல்லும் திறன் கூடுகிறது என்பதையும் பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின.

வெள்ளியைவிட இது எவ்வளவோ மேல். தீர்ந்துபோகாது, வயிற்றுக்குள் போகாது, நிறம் கெடாது. பொருள் முழுக்கக் கலந்திருப்பதால் டெக்னீஷியன் உட்பக்கத்தைச் சற்றுத் தேய்த்தாலும் அடியிலிருந்து புதிய பரப்பு வெளிப்படும். பூச்சுகளுக்கு இந்த வசதி கிடையாது.

ஆனால் தொட்டால்தான் கொல்லும். உமிழ்நீர்ப் புரதப் படலம் நடுவில் வந்துவிட்டால் பாதி வீரியம் அங்கேயே போய்விடுகிறது. நேர்மின்னூட்டம் அந்தப் புரதங்களையே வா வா என்று இழுக்கவும் செய்கிறது. செத்த கிருமிகளும் அங்கேயே கிடந்து மேற்பரப்பை மூடிவிடும். அடுத்து வருகிறவை செத்தவற்றின் முதுகில் ஏறி உட்காரும். அளவைக் கூட்டினால் ரெசின் மென்மையாகி பலம் இறங்குகிறது. இவ்வளவு இருந்தும், கொல்லும் பொருட்களில் ஒன்றைத்தான் எடுத்தாக வேண்டும் என்றால் நான் எடுப்பது இதைத்தான். நன்றாக பிரஷ் போடுகிறவர் கையில் இது பயன் தரும், ஏனென்றால் மூடிய படலம் தினமும் விலகும். நன்றாக பிரஷ் போடுகிறவருக்கு இதன் தேவை குறைவு என்பதுதான் இதில் உள்ள வேடிக்கை.

ஒட்டவே விடாத பூச்சு

அடுத்த வழியில் கொல்வதே இல்லை. எம்பிசி என்று சுருக்கமாகச் சொல்லப்படும் பாலிமர், நம் செல் சவ்வில் இருக்கும் பாஸ்போரில்கோலின் தலைப்பகுதியைப் போலவே அமைக்கப்பட்டது. டோக்கியோ பல்கலைக்கழகத்தில் கசுஹிகோ இஷிஹாரா இதை வளர்த்தெடுத்தார். அந்தப் பகுதி தண்ணீரைத் தன்னைச் சுற்றி இறுகப் பிடித்துக்கொள்வதால் புரதம் படிய இடம் கிடைப்பதில்லை. புரதமே படியாவிட்டால் கிருமி எதைப் பிடித்து ஏறும்? கான்டாக்ட் லென்ஸிலும் செயற்கை இடுப்பு மூட்டிலும் இந்தப் பொருள் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது, ஆகவே உடலுக்கு ஒத்துவருமா என்ற கேள்வியில் அதிக மண்டையடி இல்லை.

மற்ற வழிகள் எல்லாம் புரதப் படலத்தில் போய்த் தடுக்கி விழும்போது, அந்தப் படலத்தையே குறிவைக்கும் வழி இது. எனக்கு இது பிடித்திருப்பதற்குக் காரணமும் அதுதான். பிரச்சினை ஆயுள். வெறுமனே பூசினால் கழுவக் கழுவப் போய்விடும். புற ஊதா ஒளியால் அக்ரிலிக்கின் மேற்பரப்போடு வேதிப்பிணைப்பாக வளர்த்தால் நெடுநாள் நிற்கும், ஆனால் அப்படிப் பிணைத்த அடுக்கும் நானோமீட்டர் கணக்கில்தான் தடிமன். ஈறு வலிக்கிறது என்று ஒரு இடத்தை பர் என்ற சுழலும் சிறு கருவியை வைத்துத் தேய்த்தால் அந்த இடத்தில் பூச்சு காலி. புதிய பல்செட் எதுவுமே முதல் மாதத்தில் இப்படி இரண்டொரு தடவை தேய்க்கப்படாமல் இருக்காது. ஆகவே பூச்சு போடுவதானால், அளவு எல்லாம் சரியாகி வலி நின்ற பிறகு போடுவதுதான் புத்திசாலித்தனம். மறுபடி மறுபடி போட வேண்டியிருக்கும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மின்னூட்டப்பட்ட வாயுவை மேற்பரப்பில் படவிடும் பிளாஸ்மா சிகிச்சை பற்றி ஒரு வரி போதும். மேற்பரப்பை நீரை விரும்பும்படி மாற்றும், ஆனால் பாலிமர் சங்கிலிகள் புரண்டு நாட்கணக்கில் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். தனியாக அது ஒரு தீர்வு அல்ல, பூச்சு பிடிக்க முன்தயாரிப்பாக வைத்துக்கொள்ளலாம்.

எதையும் சேர்க்காமல், செய்முறையை மாற்றினால்?

இதைத்தான் பலர் தேர்வாகவே நினைப்பதில்லை. கிருமி தங்குவது சொரசொரப்பிலும் துளையிலும் என்றால், முதலில் அவற்றைக் குறைப்போமே.

மேற்பரப்பின் சராசரிச் சொரசொரப்பு 0.2 மைக்ரோமீட்டர் என்பது இத்துறையில் எல்லோரும் வைத்துக்கொள்ளும் எல்லைக்கோடு. அதற்கு மேல் போனால் பாக்டீரியா சேர்வது கூடுகிறது, அதற்குக் கீழே எவ்வளவு வழவழப்பாக்கினாலும் பெரிதாகக் குறைவதில்லை. ஆகவே 0.2ஐத் தொட்டுவிட்டால் போதும், மேற்கொண்டு பாலிஷுக்கு மெனக்கெட வேண்டாம்.

துளை எப்படி வருகிறது என்று பாருங்கள். தூளையும் திரவத்தையும் பிசைந்து அச்சில் வைத்துச் சூடாக்குகிறோம். அந்தத் திரவமான மோனோமரின் கொதிநிலை சுமார் 100.8 டிகிரி செல்சியஸ். கெட்டியாகும் வினையே வெப்பம் விடுவது. அவசரப்பட்டுக் கொதிக்கும் தண்ணீரில் போட்டால் தடித்த இடங்களில் உள் வெப்பம் அந்தக் கொதிநிலையைத் தாண்டும், மோனோமர் ஆவியாகிக் குமிழாகச் சிக்கிக்கொள்ளும். 74 டிகிரியில் எட்டு, ஒன்பது மணி நேரம் மெதுவாக வைத்தால் அது நடக்காது. ஒரு பைசா கூடுதல் செலவில்லாத கிருமி எதிர்ப்பு இது. சூடாக்காமல் அவசரத்துக்குச் செய்யும் குளிர்முறை அக்ரிலிக்கில் துளையும் அதிகம், மிஞ்சும் மோனோமரும் அதிகம். ஐஎஸ்ஓ தரநிலையே வெப்பமுறைக்கு 2.2 சதவீதம், குளிர்முறைக்கு 4.5 சதவீதம் என்று மிச்ச மோனோமருக்குத் தனித்தனி உச்சவரம்பு வைத்திருக்கிறது.

இதற்கு அடுத்த படி கேட்-கேம் மில்லிங், அதாவது கணினியில் வடிவமைத்து இயந்திரத்தால் குடைவது. ஆலையில் உயர் அழுத்தத்தில் முன்பே கெட்டியாக்கிய அக்ரிலிக் வட்டிலிலிருந்து பல்செட்டைக் குடைந்து எடுக்கிறார்கள். வேதியியல் அதே அக்ரிலிக்தான். துளை மிகக் குறைவு, மிச்ச மோனோமர் குறைவு. கெட்டியாகும்போது வரும் சுருக்கம் ஏற்கெனவே நடந்து முடிந்துவிட்டதால் ஈறில் படிவதும் நன்றாக இருக்கும். சரியாகப் படிந்த பல்செட் குறைவாக ஆடும், ஈறைக் குறைவாக உரசும். காயமில்லாத ஈறில் அழற்சியும் குறைவு.

3டி அச்சு முறையை இதோடு சேர்த்து ஒரே தராசில் வைக்காதீர்கள். இரண்டும் டிஜிட்டல் என்பதைத் தவிர ஒற்றுமை குறைவு. அச்சில் அடுக்கடுக்காக வருவதால் சரிவான இடங்களில் படிக்கட்டு போன்ற கோடுகள் விழுகின்றன, எந்தக் கோணத்தில் அச்சிட்டார்கள் என்பதைப் பொறுத்து அது கூடும், குறையும். ஆல்கஹாலில் ஒழுங்காகக் கழுவி, ஒளியில் முழுமையாகக் கெட்டியாக்காவிட்டால் மேல்தோலில் அரைவேக்காட்டு ரெசின் மிஞ்சும். வேகமும் விலையும் அதன் பலம். கிருமி எதிர்ப்பு மட்டும்தான் அளவுகோல் என்றால், மில்லிங்குக்கு அடுத்த இடத்தில் நான் வைப்பது நிதானமாகச் செய்த வெப்பமுறை அக்ரிலிக்கை, அச்சு மூன்றாவது. வளையும் நைலான் பல்செட்டை பாலிஷ் செய்வது கடினம், கீறினால் நாராகப் பிரியும், இந்த வரிசையில் அது கடைசி. கோபால்ட்-குரோம் உலோகத் தகடு துளையே இல்லாதது, அருமையான பொருள், ஆனால் பிற்பாடு ஈறு தேய்ந்தால் உலோகத்தை லேசில் மாற்றியமைக்க முடியாது.

99.9 சதவீதம் என்று போட்டிருந்தால்

விளம்பரத் தாளில் பெரும்பாலும் ஐஎஸ்ஓ 22196 சோதனை முடிவு இருக்கும். தட்டையான துண்டின் மேல் பாக்டீரியா கலந்த திரவத்தை விட்டு, மேலே மெல்லிய தாளால் மூடி, 24 மணி நேரம் கழித்து எண்ணுவது. அதில் வழக்கமாகப் பயன்படுவது ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸும் ஈ.கோலையும். ஈ.கோலை வாய்க்குச் சொந்தக் கிருமியே அல்ல. கேண்டிடா அதில் கிடையாது, உமிழ்நீர் கிடையாது, பிரஷ் கிடையாது.

கணக்கும் போட்டுப் பாருங்கள். பத்து லட்சம் கிருமியில் 99.9 சதவீதம் செத்தால் மீதி ஆயிரம். மணிக்கு ஒருமுறை இரட்டிப்பாகிறது என்று வைத்துக்கொண்டால் பத்தே இரட்டிப்பில், அதாவது பத்து மணி நேரத்தில், பழைய பத்து லட்சம் திரும்பிவிடும். ஆகவே கேட்க வேண்டியவை இவை: உமிழ்நீர் பூசிய பிறகு சோதித்தார்களா, பூஞ்சையைச் சோதித்தார்களா, பிரஷ் போட்டுத் தேய்த்தும் வெந்நீர்-குளிர்நீரில் மாற்றி மாற்றி முக்கியும் பழையதாக்கிய பிறகு சோதித்தார்களா. மூன்றுக்கும் பதில் இல்லை என்றால் கூடுதல் பணம் கொடுக்கக் காரணமும் இல்லை.

கசியும் மருந்துக்கும் ஒரு இடம் உண்டு

மேலே கசியும் பொருட்களை இவ்வளவு திட்டியும், ஒரு இடத்தில் அவைதான் பொருத்தம். புண்ணான ஈறு ஆறுவதற்காகப் பல்செட்டின் உட்பக்கத்தில் தற்காலிகமாகப் போடும் மெத்தென்ற லைனர் இருக்கிறதே, அதில். அந்தப் பொருளுக்கு ஆயுளே சில நாள் முதல் இரண்டு வாரம் வரை, பிறகு ஆல்கஹால் வெளியேறி இறுகிப்போகும், மாற்றியாக வேண்டும். முதல் நாட்களில் மருந்து வேகமாக வெளியேறுவது அடித்தளத்தில் குறை என்றால், இங்கே அதுவே தேவை. நிஸ்டாட்டின், மைக்கோனசோல், குளோர்ஹெக்சிடின் போன்றவற்றை லைனரில் கலக்கும் முறை மாத்திரையை மறந்துவிடும் முதியவர்களுக்கு நல்ல வழி. கலப்பதும் அளவும் மருத்துவர் கையில்தான் இருக்க வேண்டும். மாதக்கணக்கில் வைக்கும் மெத்தை லைனர் என்றால் சிலிக்கானோ அக்ரிலிக்கோ, இரண்டிலும் பூஞ்சை சுகமாக வளரும். கட்டாயம் இல்லாவிட்டால் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

அப்போ யாருக்கு எது?

கையில் வலு இருக்கிறது, தினமும் கழுவ முடியும் என்கிறவருக்கு மில்லிங் செய்த அக்ரிலிக் போதும், அதற்கு வசதியில்லை என்றால் மெதுவாக வேகவைத்த வெப்பமுறை அக்ரிலிக். கூடுதலாக எதுவும் கலக்க வேண்டியதில்லை. வாய் உலர்ந்துபோகிறவர், சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர், அண்ணம் அடிக்கடி சிவந்துபோகிறவர் ஆகியோருக்கு அதே தளத்தின் மேல் எம்பிசி வகைப் பூச்சு கிடைத்தால் கேட்டுப் பார்க்கலாம், மறுபூச்சுக்கு எத்தனை மாதம் என்ற விவரத்தோடு. படுக்கையில் இருப்பவர், பிறர் கையால் கழுவப்படுகிறவர் ஆகியோருக்கு மட்டும் பிணைக்கப்பட்ட அம்மோனியம் வகை ரெசினை நான் யோசிப்பேன், அதுவும் வளைவு வலிமை 65 மெகாபாஸ்கலுக்குக் கீழே இறங்கவில்லை என்ற அறிக்கை கையில் இருந்தால்.

எதை எடுத்தாலும், அது கழுவும் முறையைத் தாங்குமா என்று வாங்கும்போதே கேட்டுவிடுங்கள். சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலில் பத்து நிமிடத்துக்கு மேல் ஊறவைக்கக் கூடாது என்றும், கொதிநீரில் போடவே கூடாது என்றும் அமெரிக்கப் பல்செட் வல்லுநர்கள் அமைப்பின் 2011ஆம் ஆண்டு வழிகாட்டுதல் சொல்கிறது. கோபால்ட்-குரோம் தகடு இருந்தால் ஹைப்போகுளோரைட்டே கூடாது, உலோகம் அரிக்கும். சாதாரணப் பற்பசையால் தேய்த்தால் 0.2 மைக்ரோமீட்டர் எல்லைக்குள் இருந்த பரப்பு கீறி அதைத் தாண்டிவிடும், பூச்சு போட்டிருந்தால் பூச்சும் போகும். மென்மையான பிரஷும் சிராய்ப்பில்லாத சோப்பு நீரும் போதும். இரவில் கழற்றி வைக்கும் பாத்திரத்தில் அந்தப் பொருளுக்கு எந்தக் கரைசல் ஒத்துவரும் என்பதை பல்செட் செய்யும் லேபிலிருந்தே எழுதி வாங்கிக்கொள்ளலாம்.